ஏ.எம்.எச். குறைவா? ஹார்மோன் மாத்திரை தொடங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

குழந்தைக்காக முயன்றுகொண்டிருக்கும் பெண் டாக்டர் அறையை விட்டு வெளியே வரும்போது பெரும்பாலும் கையில் இரண்டு தாள்கள் இருக்கும். ஒன்று லேப் ரிப்போர்ட், அதில் முட்டைக் கையிருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். என்ற ஹார்மோனின் வரியைப் பேனாவால் வட்டமிட்டிருப்பார்கள். இன்னொன்று மருந்துச் சீட்டு. டி.எச்.ஈ.ஏ. என்ற ஹார்மோன் மாத்திரை 25 மில்லிகிராம், காலை, மதியம், இரவு, மூன்று மாதம் என்று எழுதியிருக்கும். இரண்டுக்கும் நடுவே நடந்த பேச்சு பல நேரம் ஐந்து நிமிடம்கூட இருக்காது. விடுபட்ட அந்தப் பேச்சில் என்னென்ன இருந்திருக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்லப் போகிறேன். டாக்டரைப் பார்க்குமுன் படித்து வைத்துக்கொள்ளலாம். மருந்தின் அளவை மட்டும் இதை வைத்து நீங்களே முடிவு செய்யாதீர்கள்.

எந்த ஹார்மோனாக இருந்தாலும் முதல் மாத்திரையைப் போடுமுன் மூன்று கேள்விகளுக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். இது எதற்காக? எந்தத் தேதியோடு நிறுத்தப் போகிறோம்? பலன் இருக்கிறதா இல்லையா என்பதை எதை வைத்துப் பார்ப்போம்? பதில் தெரியாமல் மாதக்கணக்கில் மாத்திரை போட்டுக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். அவர்கள் இழப்பது பணத்தைவிட நாள்களை.

படி 1: ரிப்போர்ட்டை நிதானமாகப் படியுங்கள்

ஒவ்வொரு முட்டையும் ஒரு சின்ன நீர்ப்பைக்குள் இருக்கிறது. ஸ்கேன் அறையில் அதை ஃபாலிக்கிள் என்பார்கள். வளரத் தொடங்கிய சின்ன ஃபாலிக்கிள்கள் சுரப்பதுதான் ஏ.எம்.எச். அவை நிறைய இருந்தால் அளவு கூடும், குறைவாக இருந்தால் இறங்கும். ஆக இது எண்ணிக்கையைச் சொல்லும் கருவி. முட்டையின் தரம் பற்றி இதற்கு எதுவும் தெரியாது. தென்னங்குலையில் எத்தனை காய் என்று கீழே நின்றே எண்ணிவிடலாம்; உள்ளே பருப்பு எப்படி என்று அங்கிருந்து சொல்ல முடியாது, அது போலத்தான். தரத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது வயது. ஏ.எம்.எச். 0.8 உள்ள 29 வயதுப் பெண்ணும் அதே 0.8 உள்ள 41 வயதுப் பெண்ணும் ஒரே நிலையில் இல்லை. இருவருக்கும் ஒரே சீட்டு எழுதப்பட்டால் கேள்வி கேட்கலாம்.

அடுத்து அலகு. நம் ஊர் லேப்களில் பெரும்பாலும் நானோகிராம்/மி.லி. கணக்கு. இங்கிலாந்து, ஆஸ்திரேலியாவில் பைக்கோமோல்/லிட்டர். முதலாவதை 7.14-ஆல் பெருக்கினால் இரண்டாவது வரும். 0.7 என்பதும் 5 என்பதும் ஒரே அளவுதான். லண்டனில் இருக்கும் அண்ணியின் ரிப்போர்ட்டில் 5 என்று பார்த்துவிட்டு, எனக்கு 0.7 தானே என்று இங்கே ஒருத்தி அழுதுகொண்டிருப்பதில் அர்த்தமில்லை.

ஏ.எம்.எச். பரிசோதனையை மாதவிடாயின் எந்த நாளிலும் எடுக்கலாம், வெறும் வயிறு தேவையில்லை. ஆனால் இரண்டு விஷயங்கள் கணக்கைக் கெடுக்கும். கருத்தடை மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அளவு உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். நிறுத்தி இரண்டு மூன்று மாதம் கழித்துப் பார்ப்பது நல்லது. இன்னொன்று பயோட்டின். முடி கொட்டுகிறது என்று இப்போது பாதிப் பேர் அதைச் சாப்பிடுகிறார்கள். சில லேப் மெஷின்களில் அது தைராய்டு, எஃப்.எஸ்.எச். (ஃபாலிக்கிளை வளரத் தூண்டும் ஹார்மோன்), ஏ.எம்.எச். எல்லாவற்றையும் குழப்பிவிடும். ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிட்டு, லேபிலும் சொல்லிவிடுங்கள். முடி மாத்திரைதானே என்று டாக்டரிடம்கூட யாரும் சொல்வதில்லை.

ஒரே ஒரு ஏ.எம்.எச். எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. கூடவே ஸ்கேன் எண்ணிக்கை வேண்டும். மாதவிடாய் தொடங்கிய 2 முதல் 4-ஆம் நாளுக்குள் வரச் சொல்வார்கள். ரத்தப்போக்கு இருக்கிறதே என்று கூச்சப்பட வேண்டாம். அங்கிருப்பவர்களுக்கு அது தினசரி வேலை. சிறுநீர் கழித்துவிட்டுப் படுக்கச் சொல்வார்கள். உறை மாட்டி ஜெல் தடவிய மெல்லிய கருவியைப் பிறப்புறுப்பு வழியே வைத்துத் திருப்பும்போது, திரையில் சாம்பல் நிறச் சினைப்பைக்குள் கறுப்பு வட்டங்கள் தெரியும். 2 முதல் 10 மில்லிமீட்டர் வரை உள்ளவற்றை மட்டும் எண்ணுவார்கள். வலதில் 3, இடதில் 2 என்றால் மொத்தம் 5. இந்த எண்ணையும் தேதியையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். திருமணமாகாதவர் என்றால் வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கச் சொல்லலாம். அப்போது எண்ணிக்கை அவ்வளவு துல்லியமாக இருக்காது.

அதே நாளில் எஃப்.எஸ்.எச்., எஸ்ட்ரடையோல் (ஈஸ்ட்ரோஜனின் முக்கிய வகை) இரண்டுக்கும் சேர்த்தே ரத்தம் எடுக்க வேண்டும். எஸ்ட்ரடையோல் கூடியிருந்தால் அது எஃப்.எஸ்.எச்.-ஐ அமுக்கிவைத்து எல்லாம் சரி என்பது போலக் காட்டும். எஃப்.எஸ்.எச். மட்டும் தனியாக எடுத்த ரிப்போர்ட் அரைக் கணக்குதான்.

எத்தனை இருந்தால் குறைவு? ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கமான எஷ்ரே 2011-இல் போலோன்யாவில் வகுத்த அளவுகோலில் ஏ.எம்.எச். 0.5 முதல் 1.1-க்குக் கீழ், ஃபாலிக்கிள் 5 முதல் 7-க்குக் கீழ் என்று இருக்கிறது. 2016-இல் வந்த பொசைடன் பிரிவு முறை 1.2, 5 என்ற எல்லைகளை வைத்து, 35 வயதுக்கு முன், பின் என்றும் பிரிக்கிறது. இவை எல்லாம் ஐ.வி.எஃப்., அதாவது முட்டையை வெளியே எடுத்துக் கருவாக்கும் சிகிச்சையில், ஊசி போட்டால் எத்தனை முட்டை கிடைக்கும் என்று கணிக்க வந்தவை. இயற்கையாகக் கர்ப்பமாக முடியுமா என்ற கேள்விக்காக வந்தவை இல்லை.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. அமெரிக்காவில் 30 முதல் 44 வயது வரையுள்ள, குழந்தையின்மை வரலாறு இல்லாத, அப்போதுதான் முயலத் தொடங்கிய 750 பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 2017-இல் வெளியானது. ஏ.எம்.எச். 0.7-க்குக் கீழே இருந்தவர்கள் 12 மாதச் சுழற்சிக்குள் கர்ப்பமாகும் வாய்ப்பு 84 சதவீதம், இயல்பாக இருந்தவர்களுக்கு 75 சதவீதம் என்று கணக்கு வந்தது. புள்ளியியல்படி இரண்டும் வேறுபட்டவை அல்ல. மாதம் ஒரு முட்டை வந்தால் போதும், கிடங்கில் எத்தனை இருக்கிறது என்பது அந்த மாதத்துக்குத் தேவையில்லை. கல்யாணமாகி நாலு மாதம்தான் ஆகிறது, மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் ஏ.எம்.எச். குறைவு என்று வந்துவிட்டது, உடனே மாத்திரையா என்று கேட்டால், பெரும்பாலும் தேவையில்லை. இந்த நிம்மதி ஏற்கெனவே ஒரு வருடம் முயன்றவர்களுக்கும், 35 தாண்டி ஆறு மாதம் முயன்றவர்களுக்கும் பொருந்தாது. அவர்கள் கணவரின் விந்துப் பரிசோதனை, கருக்குழாய்ப் பரிசோதனை இரண்டையும் முடிக்காமல் ஏ.எம்.எச். ஒன்றையே பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது. விந்துப் பரிசோதனையை அத்தை "அவனுக்கு என்ன குறை" என்று தள்ளிப் போடும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. செலவு குறைந்த பரிசோதனைகளில் அதுவும் ஒன்று.

படி 2: மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா?

இங்கேதான் பாதை இரண்டாகப் பிரிகிறது. இதைக் கேட்காமல் ஹார்மோன் எழுதப்பட்டால் பாதை மாறிவிட வாய்ப்பு அதிகம்.

மாதாமாதம் ஒழுங்காக வருகிறது, எண்ணிக்கை மட்டும் குறைவு என்றால் உங்கள் உடம்பில் ஈஸ்ட்ரோஜனுக்குப் பஞ்சமில்லை. பேச்சு முழுக்க முட்டை எண்ணிக்கை பற்றியது. அப்படிப்பட்டவர்கள் நேராக நான்காம் படிக்குப் போகலாம்.

40 வயதுக்குள் மாதவிடாய் நான்கு மாதமாவது தப்பித் தப்பி வருகிறது அல்லது நின்றே விட்டது, எஃப்.எஸ்.எச். 25-க்கு மேல் என்றால் அது சினைப்பை முன்கூட்டியே செயலிழப்பது. எஷ்ரேயின் 2024 வழிகாட்டுதலின்படி இதை உறுதிசெய்ய ஒரு முறை எடுத்த எஃப்.எஸ்.எச். போதும், சந்தேகம் இருந்தால் மட்டும் திரும்ப எடுக்கலாம். அரிதான ஒன்று என்று நினைக்க வேண்டாம். அதே வழிகாட்டுதல் இதைச் சுமார் 3.5 சதவீதப் பெண்களுக்கு வருவதாகச் சொல்கிறது. இரவில் வியர்த்துக் கொட்டுவது, தூக்கம் கெடுவது, உறவின்போது வறட்சியால் வலி இவையும் சேர்ந்திருக்கலாம். இளம் வயதில் இப்படி என்றால் குரோமோசோம் பரிசோதனை, எஃப்.எம்.ஆர்.1 மரபணுப் பரிசோதனை, தைராய்டு, அட்ரீனல் எதிர்ப்பொருள் பரிசோதனைகள் எழுதுவார்கள். அம்மாவுக்கோ பெரியம்மா, சித்திக்கோ எந்த வயதில் மாதவிடாய் நின்றது என்று வீட்டில் கேட்டு வைத்துக்கொண்டு போங்கள், டாக்டர் கட்டாயம் கேட்பார். சாக்லேட் சிஸ்ட் அறுவை, கீமோ, கதிர்வீச்சு நடந்திருந்தால் அதன் தாள்களும் வேண்டும்.

படி 3: சினைப்பை செயலிழந்தவர்களுக்கு ஹார்மோன் எதற்கு?

இவர்களுக்குக் கொடுக்கும் எஸ்ட்ரடையோலும் புரோஜெஸ்டரோனும் முட்டையைக் கூட்டுவதற்கு இல்லை. உடம்பு 50 வயது வரை சுரந்திருக்க வேண்டியதை வெளியிலிருந்து ஈடுகட்டுகிறோம். எலும்பு, இதயம், மூளை, பிறப்புறுப்பு எல்லாமே அந்த ஈஸ்ட்ரோஜனை நம்பி இருப்பவை. 32 வயதில் அது நின்றுபோய் யாரும் கவனிக்காமல் விட்டால் 45-இல் எலும்பு தேய்ந்திருக்கும்.

வழக்கமான முறை தினமும் எஸ்ட்ரடையோல், வாய்வழி மாத்திரையாகவோ தோலில் பூசும் ஜெல்லாகவோ ஒட்டும் பட்டையாகவோ. ரத்தம் உறையும் அபாயம், கடுமையான ஒற்றைத் தலைவலி, உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குத் தோல்வழி நல்லது. கருப்பை இருக்கும் எல்லோருக்கும் கூடவே புரோஜெஸ்டரோன் கட்டாயம், மாதத்தில் சுமார் 12 நாளோ தினமுமோ. அது இல்லாமல் ஈஸ்ட்ரோஜன் மட்டும் ஓடினால் கருப்பையின் உள்சுவர் தடித்துப் புற்றுநோய் வரை போகலாம். மாதவிடாய் மாதிரி ரத்தம் வருவது பிடிக்கவில்லை என்று புரோஜெஸ்டரோனை மட்டும் ரகசியமாக விட்டுவிடுபவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம், தினசரி முறைக்கு மாற்றித் தரச் சொன்னால் ரத்தப்போக்கு இல்லாமலும் செய்ய முடியும்.

ஹார்மோன் சாப்பிட்டால் மார்பகப் புற்றுநோய் வருமாமே என்ற பயம் எல்லா வீட்டிலும் வரும். அந்தப் பயத்தின் பெரும்பகுதி 2002-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்விலிருந்து வந்தது. அதில் கலந்துகொண்டவர்களின் சராசரி வயது 63. இயற்கையாகவே ஈஸ்ட்ரோஜன் நின்று பல வருடமான பாட்டிமாருக்கு வெளியிலிருந்து சேர்ப்பது வேறு, 32 வயதில் இல்லாமல் போனதைத் திருப்பித் தருவது வேறு. ஏற்கெனவே மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கு மட்டும் இந்த வழி பொதுவாகக் கிடையாது. புற்றுநோய் டாக்டரையும் சேர்த்துக் கேட்டே முடிவெடுக்க வேண்டும்.

இதற்கு நிறுத்தும் தேதி உண்டா? உண்டு, அது 50 வயதை ஒட்டி. இடையில் பலன் பார்க்க எலும்பு அடர்த்தி ஸ்கேன் இருக்கிறது. சிகிச்சை தொடங்கும்போதே ஒன்று எடுத்து வைப்பது நல்லது. இன்னொரு விஷயத்தை யாரும் சொல்வதில்லை. இந்த ஹார்மோன் அளவு கருத்தடையாக வேலை செய்யாது. சினைப்பை செயலிழந்த பெண்களிலும் சுமார் 5 சதவீதம் பேர் தானாகவே கர்ப்பமாகிறார்கள். குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு அது சின்ன நம்பிக்கை. வேண்டாம் என்பவர்கள் தனியாகப் பாதுகாப்பு எடுக்க வேண்டும்.

படி 4: டி.எச்.ஈ.ஏ., அதிகம் எழுதப்படும் மாத்திரை

டி.எச்.ஈ.ஏ. நம் அட்ரீனல் சுரப்பி தானே செய்யும் ஹார்மோன். இருபதுகளில் உச்சத்தில் இருந்து, பிறகு வருடா வருடம் இறங்கும். உடம்பு இதை டெஸ்டோஸ்டிரோனாகவும் ஈஸ்ட்ரோஜனாகவும் மாற்றிக்கொள்ளும். ஆண் ஹார்மோனா என்று பதற வேண்டாம். ஃபாலிக்கிள் வளர அது கொஞ்சம் வேண்டும். சின்ன ஃபாலிக்கிள்களில் ஆண் ஹார்மோனை வாங்கும் ஏற்பிகள் இருக்கின்றன. அது எட்டும்போது எஃப்.எஸ்.எச்.-ஐ வாங்கும் ஏற்பிகளும் கூடுகின்றன. அப்படியானால் ஊசி போடும்போது இன்னும் இரண்டு மூன்று ஃபாலிக்கிள்கள் கண்விழிக்கலாம் என்பதுதான் யோசனை. புது முட்டையை எந்த மாத்திரையும் உண்டாக்காது. பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம் முட்டைகளோடு பிறக்கிறோம், அதற்குப் பிறகு குறைவது மட்டும்தான். மாத்திரை வேலை செய்தாலும், ஏற்கெனவே இருப்பதில் வீணாகிப் போகும் சிலவற்றைக் காப்பாற்றும், அவ்வளவே.

இது எப்படிச் சீட்டுக்கு வந்தது என்பதும் சுவாரசியம். 2000-இல் அமெரிக்காவில் ஐந்து பெண்களிடம் கொடுத்துப் பார்த்த சின்ன அறிக்கை ஒன்று வந்தது. அதைப் படித்த 42 வயது நியூயார்க் பெண் ஒருவர் தானாகவே வாங்கிச் சாப்பிடத் தொடங்க, சுழற்சிக்குச் சுழற்சி முட்டை எண்ணிக்கை ஏறுவதைப் பார்த்து அவருடைய டாக்டர்கள் குடைந்து கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. 25 மில்லிகிராம் மூன்று வேளை என்ற அளவு அங்கிருந்துதான் உலகம் முழுக்கப் பரவியது. அமெரிக்காவில் 1994 சட்டத்துக்குப் பிறகு இது சத்து மாத்திரையாகவே கடையில் விற்கிறது, அதனால் பரவ வேகம் அதிகம்.

ஆதாரம் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. 2015-இல், மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் குழு 17 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது பலன் இருப்பது போலத் தெரிந்தது. தரம் குறைந்த சோதனைகளைக் கழித்ததும் அது மங்கிவிட்டது. 2024-இல் 29 சோதனைகளோடு மறுபடி பார்த்தார்கள். குழந்தை பிறக்கும் வாய்ப்பில் டி.எச்.ஈ.ஏ.-வால் பெரிதாக வித்தியாசமில்லை என்றே முடிவு வந்தது. எஷ்ரேயும் 2019 வழிகாட்டுதலில் வழக்கமாகக் கொடுக்கப் பரிந்துரைக்கவில்லை. அப்படியும் ஏன் எழுதுகிறார்கள்? விலை அதிகமில்லை, பெரிய ஆபத்தும் இல்லை, எதிரே உட்கார்ந்திருப்பவரை வெறுங்கையோடு அனுப்ப மனசு வராது. என் கருத்தைச் சொன்னால், ஐ.வி.எஃப். செய்யப்போவது உறுதி, வயது 35-க்குள், எப்படியும் இரண்டு மூன்று மாதம் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்றால் டாக்டர் பார்வையில் போட்டுப் பார்ப்பதில் தவறில்லை. 41 வயதில், மாத்திரைக்காகவே மூன்று மாதம் தள்ளிப்போடச் சொன்னால் நான் வேறு டாக்டரிடமும் ஒரு கருத்துக் கேட்பேன். 40-க்குப் பிறகு உருவாகும் கருக்களில் பாதிக்கு மேல் குரோமோசோம் கோளாறோடு இருக்கின்றன. அந்த விகிதம் மாதாமாதம் நமக்கு எதிராகத்தான் நகர்கிறது.

சரி, போடுவது என்று முடிவானால் இந்த வரிசையில் போங்கள்.

முதலில் ரத்தம்: டி.எச்.ஈ.ஏ.-எஸ் (ரத்தத்தில் டி.எச்.ஈ.ஏ. இருக்கும் வடிவம்), மொத்த டெஸ்டோஸ்டிரோன், கல்லீரல், சர்க்கரை, தைராய்டு. முதல் இரண்டும் ஏற்கெனவே நல்ல அளவில் இருந்தால் மேலே சேர்ப்பதில் பொருளில்லை. நீர்க்கட்டி (பி.சி.ஓ.எஸ்.) உள்ளவர்கள், மார்பகம், கருப்பை, சினைப்பைப் புற்றுநோய் வந்தவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் தொடக் கூடாது.

அப்புறம் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். சில மாத்திரைகளில் டி.எச்.ஈ.ஏ.-வோடு கோ-கியூ 10, மெலடோனின், வைட்டமின் என்று ஒரு பட்டியலே இருக்கும். ஏற்கெனவே தனியாக ஒன்று சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அளவு இரட்டிப்பாகிவிடும். மருந்துக் கடையில் "அதே மருந்துதான்கா, கம்பெனிதான் வேற" என்று கொடுத்தாலும் மில்லிகிராமைச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். 25-க்குப் பதில் 75 வந்து, அதையும் மூன்று வேளை போட்டால் 225 ஆகிவிடும்.

முதல் மாத்திரை போட்ட தேதியை நாள்காட்டியில் குறியுங்கள். ஒரு சின்ன ஃபாலிக்கிள் வளர்ந்து முட்டை வெளிவர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும், அதனால்தான் ஆறு முதல் பன்னிரண்டு வாரம் கொடுக்கிறார்கள். பத்து நாள் போட்டுவிட்டு மாற்றம் தெரியவில்லையே என்று ஏ.எம்.எச். எடுக்க ஓடுவதில் காசுதான் வீண். ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளை இரண்டாகப் போட வேண்டாம்.

பக்கவிளைவு முகத்தில் முதலில் தெரியும்: எண்ணெய் வழிதல், தாடைப் பக்கம் பருக்கள். கொஞ்சம் என்றால் டாக்டரிடம் சொல்லி அளவைக் குறைக்கலாம். மேலுதட்டில் முடி, தலைமுடி உதிர்வு, குரல் கரகரப்பு என்றால் உடனே நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள். குரல் மாறினால் பழையபடி திரும்பாமலும் போகலாம். சிலருக்கு எரிச்சலும் தூக்கக் குறைவும் வரும், அதை வீட்டில் இருப்பவர்களிடம் முன்னாலேயே சொல்லி வையுங்கள். போட்டி விளையாட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் தடைப் பட்டியலில் டி.எச்.ஈ.ஏ. இருக்கிறது.

நிறுத்தும் நாள்: முட்டை எடுக்கும் நாளோடு நிறுத்தச் சொல்பவர்கள் பலர். எப்படியும் கர்ப்பம் உறுதியான நாளுக்கு மேல் ஒரு மாத்திரைகூடக் கூடாது. வயிற்றில் பெண் குழந்தையாக இருந்தால் ஆண் ஹார்மோன் அதன் வளர்ச்சியைப் பாதிக்கலாம். இயற்கையாக முயன்றுகொண்டே மாத்திரை போடுபவர்கள் மாதவிடாய் ஒரு நாள் தள்ளினாலும் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள்.

படி 5: ஜெல், வளர்ச்சி ஹார்மோன்

டெஸ்டோஸ்டிரோன் ஜெல்லுக்கு 2024 காக்ரேன் பார்வை டி.எச்.ஈ.ஏ.-வைவிட நல்ல மதிப்பெண் கொடுத்தது. ஆனால் ஐரோப்பாவில் பல மையங்களில் நடந்த டி-டிரான்ஸ்போர்ட் என்ற சோதனையில் சுமார் இரண்டு மாதம் பூசியும் கர்ப்ப வாய்ப்பு கூடவில்லை. எனவே இன்னும் இழுபறிதான். பூசச் சொன்னால், அந்த ஜெல் ஆண்களுக்காகச் செய்யப்பட்டது என்பதை மறக்க வேண்டாம். பெண்ணுக்கான அளவு அதில் சின்னப் பங்குதான், முழு உறையையும் பிழிந்துவிடக் கூடாது. பூசிய இடம் காயும்வரை யாரும் தொடக் கூடாது, குறிப்பாக வீட்டில் இருக்கும் குழந்தைகள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

வளர்ச்சி ஹார்மோன் ஊசி விலை அதிகம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் 130 பெண்களிடம் நடந்து 2019-இல் வெளியான சோதனையில் ஊசி போட்டவர்களில் 14.5 சதவீதத்துக்கும் போலி மருந்து போட்டவர்களில் 13.7 சதவீதத்துக்கும் குழந்தை பிறந்தது. அந்தப் பணத்தை இன்னொரு சுழற்சிக்கு எடுத்து வைப்பேன் என்பதுதான் என் பதில்.

கோ-கியூ 10 ஹார்மோன் இல்லை, ஆபத்தும் குறைவு, சின்னச் சோதனைகளில் முட்டை எண்ணிக்கை கூடியது, குழந்தை பிறப்பில் உறுதியான ஆதாரம் இல்லை. சினைப்பைக்குள் பி.ஆர்.பி. ஊசி (சொந்த ரத்தத்திலிருந்து பிரித்த தட்டணுச் செறிவு) இன்னும் சோதனை நிலையில் இருப்பது. அதற்குத் தனிக் கட்டணம் கேட்டால் யோசியுங்கள். புகை பிடிப்பவர் என்றால் அதை நிறுத்துவது இவை எல்லாவற்றையும்விட முந்தியது.

படி 6: ஐ.வி.எஃப். சுழற்சிக்குள் வரும் ஹார்மோன்கள்

முட்டை குறைவு, அதனால் ஊசி அளவை 450, 600 என்று ஏற்றுகிறோம் என்பார்கள். நாளொன்றுக்கு 300 யூனிட்டுக்கு மேல் ஏற்றுவதை எஷ்ரே பரிந்துரைக்கவில்லை. நெதர்லாந்தில் 2017-இல் வெளியான பெரிய சோதனையிலும், கையிருப்பு குறைந்தவர்களுக்கு அளவைக் கூட்டியதால் குழந்தை பிறப்பு கூடவில்லை. இல்லாத ஃபாலிக்கிளை ஊசி வளர்க்காது. முட்டை வளரத் தூண்டும் லெட்ரோசோல் மாத்திரையோடு குறைந்த அளவு ஊசி என்ற முறை இருக்கிறதா என்று கேளுங்கள், செலவில் பெரிய வித்தியாசம் வரும். முந்தின மாதத்தின் பிற்பாதியில் எஸ்ட்ரடையோல் மாத்திரை கொடுத்து ஃபாலிக்கிள்களை ஒரே அளவில் கொண்டுவரப் பார்ப்பார்கள். சில நாள் மட்டும் சாப்பிடுவது, பயப்பட ஒன்றுமில்லை.

முட்டை எடுத்தபிறகு வைக்கும் புரோஜெஸ்டரோன் மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லாதது. ஐ.வி.எஃப். ஊசிகளால் உடம்பின் சொந்தப் புரோஜெஸ்டரோன் தடுமாறும், கரு ஒட்ட அது கட்டாயம். பிறப்புறுப்பில் வைக்கும் மாத்திரையில் பாதி கரைந்து வெள்ளையாக வடிந்தால் மருந்து வீணாகிவிட்டதோ என்று எல்லோரும் பயப்படுவார்கள். வேண்டிய அளவு உள்ளே போய்விடும், வெளியே வருவது பெரும்பாலும் மாத்திரையின் மாவுப் பொருள். லேசாக ரத்தம் பட்டாலும் டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. இங்கேயும் ஒரு நுணுக்கம்: டி.எச்.ஈ.ஏ. சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களுக்குச் சில லேப் முறைகளில் புரோஜெஸ்டரோன் அளவு பொய்யாகக் கூடுதலாகக் காட்டலாம். அந்த எண்ணைப் பார்த்துக் கருவை வைக்காமல் தள்ளிப்போடப் போகிறார்கள் என்றால் மாத்திரை விஷயத்தை நினைவூட்டுங்கள்.

படி 7: அடுத்த முடிவுக்கு ஒரு தேதி வையுங்கள்

சிகிச்சை தொடங்கும்போதே கேளுங்கள்: எத்தனை முறை முயன்று பார்ப்போம், எந்த நிலையில் வேறு வழி பேசுவோம்? முதல் சுழற்சியில் ஒரு முட்டைதான் வந்தது என்பதாலேயே தானம் பெற்ற முட்டைக்கு மாறச் சொன்னால், வயதைச் சொல்லிக் காரணம் கேளுங்கள். 30 வயதில் ஒரு நல்ல முட்டையிலிருந்து குழந்தை பிறந்தவர்கள் இருக்கிறார்கள். 43-இல் கதை வேறு.

தானம் என்று வந்தால் இந்தியாவில் 2021 சட்டம் இருக்கிறது. முட்டை தருபவர் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் தரலாம், அவரிடமிருந்து ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது. பதிவு பெற்ற வங்கி வழியாகத்தான் ஏற்பாடு நடக்க வேண்டும். சிகிச்சை பெறும் பெண்ணுக்கு 21 முதல் 50, கணவருக்கு 21 முதல் 55 என்பது வயது எல்லை. மருத்துவமனையின் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்வது உங்கள் உரிமை.

திருமணமாகாத 28, 30 வயதுப் பெண்ணுக்கு ஏ.எம்.எச். குறைவு என்று தெரிந்தால் அவருக்கு டி.எச்.ஈ.ஏ. சீட்டு எழுதுவதைவிட முட்டையை உறைய வைப்பதைப் பற்றிப் பேச வேண்டும். அதே சட்டம் 21 வயது நிரம்பிய தனிப் பெண்ணையும் அனுமதிக்கிறது. கையிருப்பு குறைந்தவர்களுக்கு ஒரு முறையில் தேவையான எண்ணிக்கை கிடைக்காது, இரண்டு மூன்று முறை எடுத்துச் சேர்க்க வேண்டி வரும். செலவைக் கேட்கும்போது ஒரு முறைக்கு எவ்வளவு, ஊசி தனியா, வருடாந்திரச் சேமிப்புக் கட்டணம் எவ்வளவு என்று மூன்றையும் பிரித்து எழுதி வாங்குங்கள்.